முன்னாலயா, பின்னாலயா?

அண்ணாச்சி, உங்க வாட்சுல மணி என்ன? பத்து தாண்டிட்டா? சரி, சரி. கோவப்படாதீங்க. இப்பதான் கேட்டேன், மறுபடியும் கேக்கேன். மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கி.

இப்படி நிழலுக்கு வாங்க. பனை நிழலு ஒரு ஆளு அகலந்தான், இருந்தாலும் தலைக்காவது ஆவும். கொண்டு வந்து இந்தத் தேரிச் செம்மணலுக்கு நடுவுலயா டயரு வெடிக்கணும்? வெடிச்சதுதான் வெடிச்சுது, மாத்து டயருலயும் காத்து இல்லங்கான் அந்த டிரைவரு. டிப்போவுக்குப் போன் போட்டாச்சாம், வேற வண்டி வருமாம். எப்பப்பா வரும்னு கேட்டா, "வரும்போது வரும்"ங்கான். எங்கிட்டயே சொல்லுதான் பாத்துக்கிடுங்க. எது எப்ப வரும், எதுக்கு முன்னால எது வரும், எதுக்குப் பின்னால எது வரும், அதச் சொல்லுததுக்காகவே வாழ்ந்தவன் நான்.

கிருபாபுரத்துக்குத்தான் போறேன். அங்க வேதக் கோயில்ல கல்யாணம், பதினொரு மணிக்கு. பொண்ணுக்கு நான் என்ன வேணுமா? அப்பன். சிரிங்க, பரவால்ல. பொண்ணப் பெத்தவன் கல்யாணத்தன்னைக்கு டவுன் பஸ்ஸுல, கையில ஒரு துணிப் பையோட வாரான்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது. பேரு ஞானாபரணம். திசையன்விளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் மோட்டாரு காயில் கட்டுத கடை வச்சிருக்கேன். எரிஞ்ச மோட்டாரா இருந்தா எங்கிட்ட கொண்டு வாங்க. சாயந்தரம் ஓட வச்சுத் தாரேன்.

முந்தின பஸ்ஸுக்கே வந்திருக்கலாமேன்னுதான கேக்கீங்க? முந்தின பஸ்ஸு வந்துச்சு. நின்னுச்சு. கண்டக்டரு, "ஏறுதியளா, இல்லியா"ன்னு கேட்டான். நான் ஏறல. அது ஏன்னு சொல்லணும்னா மொதல்ல இருந்து சொல்லணும். எப்படியும் வேற வண்டி வார வரைக்கும் நாம ரெண்டு பேரும் இங்கதான கெடக்கணும்.

நீங்க திருநீறு பூசியிருக்கீங்க. உங்களுக்கு வெளங்குத மாதிரியே சொல்லுதேன். எங்க ஆண்டவரு திரும்பி வருவாரு. இதுல எந்தக் கிறிஸ்தவனுக்கும் சந்தேகம் கெடயாது. எப்பங்கதுலதான் சண்டையே. நான் சொல்லுதது என்னன்னா, மொத வருகை ரகசியம். எக்காளம் தொனிக்கும். கண்ண மூடித் தொறக்குததுக்குள்ள பரிசுத்தவான்கள எல்லாம் ஆகாயத்துக்கு எடுத்துக்கிடுவாரு. உடுத்தியிருந்த துணி கெடக்கும், போட்டிருந்த செருப்பு கெடக்கும், ஆளு இருக்காது. மத்தவன் எல்லாம் கைவிடப்படுவான். அதுக்குப் பொறவு ஏழு வருஷம் மகா உபத்திரவம். அந்திக்கிறிஸ்து ஆளுவான். அவன் முத்திரை இல்லாம ஒரு கிலோ அரிசி வாங்க முடியாது. அதெல்லாம் முடிஞ்ச பொறவுதான் எல்லாக் கண்ணும் காண வருவாரு. இதுதான் வரிசை. இத ஒரு பெரிய துணியில பெயிண்டால படமா வரைஞ்சு கடையில தொங்க விட்டிருக்கேன். மோட்டார எடுக்க வாரவன் காசக் குடுத்துட்டு ஓடிற முடியாது. ஒரு தடவ வரிசையக் கேட்டுட்டுத்தான் போவணும்.

"கதவு அடைச்சாச்சுன்னா அடைச்சதுதான்." எங்க சபையில நான் சாட்சி சொல்ல எந்திரிச்சா இதச் சொல்லாம உக்கார மாட்டேன். கலியாண வீட்டுக்கு எண்ணெய் இல்லாத வெளக்கோட போன பொம்பளப் பிள்ளைய கதை ஒண்ணு வேதத்துல இருக்கு. பிந்திப் போனாவ. கதவு அடைச்சாச்சு. தட்டினாவ, தொறக்கல. அதச் சொல்லும்போது சனம் அழுவும். நானும் அழுவேன்.

மணி என்ன அண்ணாச்சி?

சரி. எங்க வீட்டுல பேரு எப்சிபா. கட்டும்போது பச்சப் பட்டு உடுத்தி, செயின்ல சிலுவை போட்ட தாலி கட்டித்தான் கூட்டிட்டு வந்தேன். அப்ப நானும் கிருபாபுரத்துக்காரன் மாதிரி சாதாக் கிறிஸ்தவன்தான். பொறவு எனக்கு வெளிச்சம் கெடச்சுது. சபை மாறினேன். எங்க சபையில நகை கெடயாது, பூ கெடயாது. தாலியும் நகைதான? கழத்துன்னேன். ஒரு நாள் யோசிச்சா. மறுநா கழத்திட்டா. வித்துரு, காச காணிக்கையாப் போட்டுருவோம்னேன். சரின்னா. வெள்ளச் சேலை உடுத்துன்னேன். உடுத்தினா. வருகைக்கு ஆயத்தமா இருக்கவ வெள்ளையிலதான இருக்கணும்? எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டா. தங்கமான மனுஷி. நாங்க ஒருநாளும் சண்ட போட்டது கெடயாது.

வீட்டப் பாத்தீங்கன்னா பின்பக்கச் செவரு இன்னும் பூசல. செங்கல்லு அப்படியே தெரியும். "பூசிருவோமா"ன்னு கேட்டா. "அவரு வாரதுக்குள்ள சிமெண்டு காயுமா"ன்னேன். ஒருதடவ தென்னங்கண்ணு வாங்கணும்னா. "அது காய்க்கும்போது நாம இங்க இருப்பமா"ன்னேன். எனக்குத் தெரியாம கொண்டு வந்து நட்டுட்டா அண்ணாச்சி. இப்ப அது காய்க்கி. நல்ல காயி. நாந்தான் பறிச்சுத் துருவிக்கிடுதேன்.

அவளுக்கு ஒரு அண்ணன், யேசுபாதம். கிருபாபுரத்துல கருப்பட்டி ஏவாரம். எனக்கு மச்சான். நல்ல மனுஷன், ஆனா வரிசை தெரியாது. சபையும் உபத்திரவத்துக்குள்ள போய்த்தான் வெளிய வரணும்பாரு. "கடைசி எக்காளம்னுதான மாப்ள எழுதியிருக்கு? கடைசிக்கு முன்னால எப்படி ஒரு கடைசி வரும்?" இது அவரு கேள்வி. "சபைதான மணவாட்டி? மணவாட்டிய மணவாளன் அடிபட விடுவானாவே?" இது என் கேள்வி. கிறிஸ்மஸுக்குப் போனா ரெண்டு பேரும் சோத்துல கைய வச்சிக்கிட்டு, கை காயுத வரைக்கும் பேசுவோம். பொம்பளைய ரெண்டு பேரும் அடுக்களையில காத்துக்கெடப்பாவ. திசையன்விளைக் கோயில்ல ஒரு ஐயரு இருந்தாரு, பாதிரியார நாங்க ஐயருன்னுதான் சொல்லுவோம், அவருட்ட போய் ஞாயம் கேட்டோம். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "வே, அந்தக் காலத்துல ராசாவுக்குப் பயந்து ஒளிஞ்சு கெடந்த சனங்களுக்குத் தைரியம் சொல்ல எழுதின தரிசனம்வே அது. முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. அவனவன் பொண்டாட்டி பிள்ளையப் போய்ப் பாருங்க." இவரெல்லாம் ஒரு ஐயரு. அன்னைக்கு ஒருநாள் மட்டும் மச்சானும் நானும் ஒரே கட்சியா வீட்டுக்கு வந்தோம்.

மவ கெத்சியா. ஒரே மவ. இருவத்தி ஒண்ணு, இருவத்தி ரெண்டுலயே மாப்ள வர ஆரம்பிச்சாச்சு. எனக்கு மனசே இல்ல. நோவா காலத்துல சனம் பொண்ணு குடுத்துக்கிட்டும் எடுத்துக்கிட்டும் இருக்கும்போதுதான வெள்ளம் வந்து வாரிக்கிட்டுப் போச்சு? இருந்தாலும் வாரவங்கள வராதன்னு சொல்ல முடியுமா. வந்தாவ. நான் சம்பளம் கேக்கல, சொத்து கேக்கல. ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: "தம்பி, எடுத்துக்கொள்ளப்படுதல் உபத்திரவத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" பாதிப் பேரு முழிப்பான். பின்னாலம்பான் சில பேரு, காப்பி குடிச்சிட்டுப் போவச் சொல்லிருவேன். ஒரு பையன், நல்லாப் படிச்சவன், "எப்ப வந்தாலும் சந்தோஷந்தான் மாமா"ன்னான். அவனையும் அனுப்பிட்டேன். அது ஒரு பதிலா? எம் மவள ஒரு வரிசை இல்லாதவன்ட்ட எப்படிக் குடுக்க?

வயசு ஏறிக்கிட்டே போச்சு. முப்பதத் தொடப் போறா. அவ கூட்டாளிகளுக்கெல்லாம் பிள்ளைய பள்ளிக்கூடம் போவுது. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ அம்மா மாதிரிதான்.

ரெக்ஸ்லின்னு ஒரு பையன், கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். கடைக்கு மோட்டாரு கொண்டு வருவான். நான் துணியக் காட்டி வரிசையச் சொல்லச் சொல்ல அப்படியே கேட்டுக்கிட்டு நிப்பான். மத்தவன் எல்லாம் மணியப் பாப்பான், இவன் பாக்க மாட்டான். சத்தியத்து மேல இவ்வளவு வாஞ்சையான்னு எனக்குச் சந்தோஷம். எம் மவ மத்தியானச் சோறு கொண்டு வார நேரத்துலதான் அந்த வாஞ்சை வருதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல.

அவங்க வீட்டுல இருந்து பொண்ணு கேட்டு வந்தாவ. அன்னைக்கு எப்சிபா கேசரி கிண்டினா. கெத்சியா முகத்துல அப்படி ஒரு தெளிச்சி, நான் அதுக்கு முந்தி பாத்ததில்ல. நல்ல குடும்பம், கும்பிட்டு உக்காந்தாவ. நான் பையன்ட்ட கேக்கல. அவன் நான் சொன்னதயே எனக்குத் திருப்பிச் சொல்லிருவான். அவன் அப்பாட்ட கேட்டேன். முன்னாலயா, பின்னாலயா? அந்த மனுஷனும் வேதம் வாசிக்குதவருதான். "நடுவுல"ன்னாரு.

நடுவுலயாம்! ஏழு வருஷ உபத்திரவத்துல மூணரை வருஷம் முடிஞ்ச பொறவு எடுத்துக்கிடுவாராம்! முன்னாலன்னு ஒருத்தன் சொல்லலாம், பின்னாலன்னு ஒருத்தன் தெரியாம சொல்லலாம், நடுவுலன்னா? பாதி பஸ்ஸுல ஏறி பாதி பஸ்ஸுல எறங்குத கதையா? எனக்கு வாய் நிக்கல. சாயந்தரம் வரைக்கும் வசனம் வசனமா எடுத்துப் போட்டேன். அவரும் எடுத்துப் போட்டாரு. கடைசியில, "எந்திரிங்கவே, இந்தச் சம்பந்தம் நடக்காது"ன்னுட்டேன். போய்ட்டாவ. கேசரி தட்டோட கெடந்துச்சு. யாரும் ஒரு வாயி தொடல. எப்சிபா வந்து ஒவ்வொரு தட்டா எடுத்துச் சட்டியில வழிச்சுப் போட்டா. நான், "பாத்தியா, நடுவுலங்கான்"ன்னேன். அவ சட்டியத் தூக்கிட்டு அடுக்களைக்குப் போய்ட்டா.

அதுல இருந்து கொஞ்ச நாளுதான் இருக்கும். ஒரு மத்தியானம் சோறு வரல. வெயிலுக்குள்ள வீட்டுக்கு நடந்தேன். முன்கதவு தொறந்து கெடக்கு. "எப்சிபா"ன்னேன். சத்தம் இல்ல. "கெத்சியா"ன்னேன். சத்தம் இல்ல. அடுக்களையில பாத்தா சோறு வடிச்சு மூடியிருக்கு, பானை சூடு ஆறல. கருவாட்டுக் கொழம்பு. பக்கத்துல ஒரே ஒரு தட்டு கவுத்தி வச்சிருக்கு. உள்ள போனா, கட்டிலு மேல வெள்ளச் சேலை. மடிக்கல. உடுத்தினவ அப்படியே ஆவியாப் போனா எப்படிக் கெடக்குமோ, அப்படிக் கெடக்கு. கீழ அவ செருப்பு, ஜோடியா.

அண்ணாச்சி, நான் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கிட்டிருந்தேன்லா? துணி கெடக்கும், செருப்பு கெடக்கும், ஆளு இருக்காதுன்னு? அது என் வீட்டுக் கட்டிலுல கெடக்கு.

சபைக் கட்டடத்துக்கு ஓடினேன், பூட்டிக் கெடக்கு. பாஸ்டருக்குப் போன் போட்டேன், அடிக்கல. சபை மூப்பருக்குப் போட்டேன், எடுக்கல. பாட்டுக்காரப் பிள்ளைய ஒண்ணு விடாம போட்டேன். ஒருத்தர் இல்ல. எல்லாரும் தூத்துக்குடியில கூட்டத்துல இருந்திருக்காவ, போன அணைச்சு வச்சிட்டு. நானும் போயிருக்க வேண்டியது, ஒரு அவசர மோட்டாருக்காக நின்னுட்டேன். அது அந்த நேரத்துல புத்தியில வருமா? எல்லாரும் போய்ட்டாவ, நான் கைவிடப்பட்டுட்டேன். இது ஒண்ணுதான் புத்தியில. பஜாருல எல்லாவனும் நடக்கான், தேங்கா விக்கான், காய்கறி விக்கான். பாவிய, ஒருத்தனுக்கும் தெரியல, நடந்துட்டுன்னு.

அந்த ஐயரு வீட்டுக்கு ஓடினேன். அவரு கண்டிப்பா இருப்பாருன்னு தெரியும். இருந்தாரு, ஈசிச் சேருல பேப்பரு படிச்சிக்கிட்டு. "நீங்க இருக்கீங்க! அப்ப நடந்துட்டு!"ன்னு சொல்லி அவரு கால்ல விழுந்து அழுதேன். "என்னவே நடந்துட்டு"ன்னாரு. சொன்னேன். சேலை, செருப்பு, எல்லாம் சொன்னேன். அவரு கண்ணாடியக் கழத்தி வச்சிட்டு என்னயவே பாத்தாரு. "ஞானாபரணம், மொதல்ல உம்ம மச்சானுக்கு ஒரு போன் போடும்"ன்னாரு.

ஆமா, மச்சானும்தான் போயிருக்க மாட்டாரு. பின்னாலன்னு சொன்ன ஆளுல்லா. போட்டேன். எடுத்தாரு. எனக்கு அழுகை ஒருபக்கம். இன்னொரு பக்கம், உங்கட்ட மறைக்க என்ன இருக்கு, ஜெயிச்ச சந்தோஷம் ஒருபக்கம். "மச்சான், நீரு தோத்துட்டீரு. முன்னாலதான். வருகை நடந்துட்டு. உம்ம தங்கச்சியும் எம் மவளும் போய்ட்டாவ. நீரும் நானும்தான் மிச்சம்"ன்னேன்.

அந்தப் பக்கம் தட்டு சத்தம் கேக்கு. தண்ணி ஊத்துத சத்தம் கேக்கு. பொறவு மச்சான் சொல்லுதாரு, "மாப்ள, எப்சிபா இங்கதான் இருக்கா. சாப்பிடுதா. மவளும் கூடத்தான் இருக்கா."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அப்படின்னா அவளும் கைவிடப்பட்டுட்டாளா"ன்னு கேட்டேன்.

"அவ உம்ம விட்டுட்டு வந்திருக்காவே"ன்னாரு. வச்சிட்டாரு.

பொறவு வீட்டுக்கு வந்து பெட்டியத் தொறந்து பாத்தேன். அந்தப் பச்சப் பட்டு இல்ல. அத உடுத்திக்கிட்டுப் போயிருக்கா. பரலோகத்துக்குப் போறவளுக்குப் பச்சப் பட்டு எதுக்குன்னு மொதல்லயே எனக்குத் தோணியிருக்கணும். தோணல.

கூட்டிட்டு வரப் போனேன். வெளிய வரல. கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கான்னு தெரியுது, நெழலு தெரியுது. நான் என்ன தப்பு செஞ்சேன்? குடிச்சனா? கைய நீட்டினனா? இன்னொரு பொம்பளையப் பாத்தனா? கதவப் பாத்து இதத்தான் கேட்டேன். அந்த நெழலு போய்ட்டு. எங்க பாஸ்டரு என்னைய சாட்சி சொல்ல எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாரு. சொந்த வீட்ட நடத்தத் தெரியாதவன் சபையில என்ன பேசுததுன்னு. கடையில மோட்டாரு கட்டுவேன், வீட்டுல வந்து தேங்கா துருவுவேன். செவத்துச் செங்கல்ல எண்ணிக்கிட்டுக் கெடப்பேன். ராத்திரி எந்திரிச்சு, எக்காளம் ஊதிட்டோன்னு வெளிய போய்ப் பாப்பேன். பக்கத்து வீட்டுல ஆளு இருமுத சத்தம் கேட்டாத்தான் படுப்பேன்.

அந்தா தூசி தெரியுதே, வண்டியா? லாரி. எதுத்த பக்கம் போவுது. மணி? ஐயோ.

கேளுங்க. ஓலை வாசிச்சிட்டாவன்னு கடைக்கு வந்த ஒருத்தன் சொன்னான். ஓலைன்னா, கல்யாணத்துக்கு முந்தி ஞாயித்துக்கிழம கோயில்ல பேரு சொல்லி வாசிப்பாவ. இன்னாரு மவனுக்கும் இன்னாரு மவளுக்கும் விவாகம், தடை இருந்தாச் சொல்லலாம்னு. மூணு வாரம் வாசிக்கணும். மாப்ள யாரு? அந்த லைன்மேன் பையன். நடுவுல குடும்பம்!

ரெண்டாவது வாரம் நான் போனேன். கடைசிப் பெஞ்சியில உக்காந்தேன். பாத்தா, ஆராதனை நடத்துதது நம்ம பழைய ஐயரு. கிருபாபுரத்துக்கு மாத்தியிருக்காவ. ஓலை வாசிச்சாரு. "ஞானாபரணம், எப்சிபாள் தம்பதியின் குமாரத்தி"ன்னாரு. தடை உண்டான்னாரு. நான் எந்திரிச்சிட்டேன். எந்திரிக்கணும்னு நெனச்சு வரல. காலு அதா எந்திரிச்சுது. கோயிலு பூரா திரும்பிப் பாக்கு. "என்ன தடை"ன்னு கேட்டாரு ஐயரு. "மாப்ள வீட்டுல உபத்திரவத்துக்கு நடுவுலங்காவ"ன்னேன்.

ஒருத்தரும் சிரிக்கல அண்ணாச்சி. சிரிச்சிருந்தாக் கூட நல்லாருந்திருக்கும். ஐயரு, "அது தடை இல்ல, உக்காரும்"னு மெதுவாச் சொன்னாரு. கெத்சியா பொம்பளைய பக்கத்துல இருந்து திரும்பிப் பாத்தா. கோவமாப் பாக்கல. சின்னப் பிள்ளையில காச்சல் கண்டு கெடந்தப்ப ஒரு பார்வ பாப்பா. அந்தப் பார்வ.

ஆராதனை முடிஞ்சு வெளிய நின்னேன். எப்சிபா அவளா எங்கிட்ட வந்தா. வீட்ட விட்டுப் போன பொறவு அன்னைக்குத்தான் மொதத் தடவ பேசுதா. நீலக் கலர் சேலை. கழுத்துல தாலி கெடக்கு. நான் கட்டுன அதே தாலி, சிலுவை போட்டது. விக்கவே இல்ல அவ. அத்தன வருஷமும் அண்ணங்கிட்ட குடுத்து வச்சிருந்திருக்கா, காணிக்கை போட்ட காசு அவரு குடுத்ததுதானாம். எனக்குப் பொறுக்கல. "விசுவாசத்த விட்டுப் பின்மாறிட்டியே எப்சிபா. இன்னைக்கு அவரு வந்தா நீ கைவிடப்படுவியே"ன்னேன்.

அவ சொன்னா, "சரி. நீங்க மேல போங்க. நான் எம் பிள்ள கூட இங்கயே இருந்துக்கிடுதேன். உபத்திரவம் எனக்குப் புதுசா என்ன?"

அவ்வளவுதான். போய்ட்டா. அவ என்ன அர்த்தத்துல சொன்னான்னு அன்னையில இருந்து யோசிக்கேன். எங்க வீட்டுல என்ன உபத்திரவம்? சோத்துக்குக் கொறையா?

போன வாரம் மச்சான் கடைக்கு வந்தாரு, பத்திரிகை கொண்டு வந்தாரு. அப்பன் பேரு போடுத எடத்துல எம் பேருதான் இருக்கு. எங்க கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. பொண்ண அப்பன்தான் கையப் பிடிச்சு வாசல்ல இருந்து உள்ள கூட்டிட்டுப் போவணும். "மவ சொல்லி விட்டிருக்கா மாப்ள"ன்னாரு. "அப்பா வந்தா அப்பா கையப் பிடிச்சுத்தான் உள்ள போவேன், ரெண்டாவது மணி அடிக்குத வரைக்கும் வாசல்லயே நிப்பேன்னு சொன்னா. ஆனா ஒண்ணும் கேக்கக் கூடாதாம்." ரெண்டாவது மணிக்கும் நான் வரலன்னா அவரு கூட்டிட்டுப் போவாரு. துணியில தொங்குத வரிசைய ஒரு நிமிஷம் பாத்துக்கிட்டு நின்னாரு. நானும் அவரும் சேந்து ஒண்ணும் பேசாம இருந்தது அதுதான் மொதத் தடவ.

இப்பத் தெரியுதா, முந்தின பஸ்ஸு ஏன் ஏறலன்னு? தாலி கட்டுததுக்கு முந்தி ஐயரு இன்னொருதடவ கேப்பாரு. தடை இருக்கவன் இப்பச் சொல்லு, இல்லன்னா இனி ஒருநாளும் பேசாதன்னு. என் காலு மறுபடியும் அதா எந்திரிச்சிட்டுன்னா? அந்தப் பயத்துலதான் படியில கால வச்சவன் எடுத்துட்டேன். பஸ்ஸு போன பொறவு, அவ வாசல்ல நிப்பாளேன்னு நெனப்பு வந்துச்சு. பின்னாலயே ஓடினேன். நிக்கல.

இந்தப் பையில என்னன்னா கேக்கீங்க? அந்த வெள்ளச் சேலை. நானே துவைச்சு, நீலம் போட்டு, மடிச்சு வச்சிருக்கேன். மவ கல்யாணத்துக்காவது எப்சிபாவ உடுத்தச் சொல்லலாம்னு எடுத்துட்டு வந்தேன். ஏன் அப்படிப் பாக்கீங்க?

ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கீங்க?

கேக்குதா? மணிச் சத்தம். கிருபாபுரம் கோயிலு மணிதான். காத்து இந்தப் பக்கம் அடிக்கி. இது மொத மணி. அந்தா பனைக்கு மேல கோபுரம் தெரியுது பாருங்க, வெள்ளையா. ரோட்டு வழி போனா சுத்து. இந்தத் தேரிக்குள்ள குறுக்க விழுந்தா கிட்டதான். மண்ணு சுடும், கால் பொதையும். பொதைஞ்சிட்டுப் போட்டும். வேற வண்டிய நம்பி நான் இனி நிக்க முடியாது.

இந்தப் பைய நீங்க வச்சிக்கிடுங்க. சேலை நல்ல சேலைதான், யாருக்காவது குடுத்துருங்க. எப்சிபா இன்னைக்குப் பச்சப் பட்டுதான் உடுத்தியிருப்பா. உடுத்தட்டும். கழுத்துல கெடக்கதும் நான் கட்டுனதுதான? கெடக்கட்டும்.

ஆனா ஒண்ணு அண்ணாச்சி, எடுத்துக்கொள்ளப்படுதல் முன்னாலதான். அதுல எனக்கு மாத்தம் கெடயாது. நான் கேக்க மாட்டேன், அவ்வளவுதான். யாருட்டயும் இன்னைக்குக் கேக்க மாட்டேன்.

எங்க சபையில எந்த ஜெபத்தயும் "சீக்கிரமா வாரும்"னு சொல்லித்தான் முடிப்போம். சின்னப் பிள்ளையளும் அப்படித்தான் முடிக்கும். இன்னைக்கு விடிய மொழங்கால் போட்டேன், அந்த வார்த்த வாயில வரல. பயந்துட்டேன். இப்பச் சொல்லிட்டே நடக்கப் போறேன், நீங்க கேட்டா கேட்டுக்கிடுங்க. இப்படி ஜெபம் பண்ணுதவன எடுத்துக்கிடுவாரோ, கைவிடுவாரோ, அது அவரு இஷ்டம். ஆண்டவரே, இன்னைக்கு வராதேயும். கொஞ்சம் பிந்தி வாரும். எம் மவ வாசல்ல நிக்கா.